சிசிஎன்ஏவுக்கு டம்ப் போதுமா, லேப் வேண்டுமா?

கேள்வி: 9 ஜூன் 2024

பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து ஒரு வருடம் ஆகிறது. வீடு குரோம்பேட்டை. சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ எழுதலாம் என்று இருக்கிறேன். கூடப் படித்த நண்பன் டம்ப் (கசிந்த கேள்வி-விடைத் தொகுப்பு) மட்டும் படித்தே பாஸ் பண்ணிவிட்டான். "நெட்வொர்க்கைச் சின்னச் சின்னதாகப் பிரிக்கும் சப்நெட்டிங்குக்கு ஆயிரம் கால்குலேட்டர் இருக்கு, கம்ப்யூட்டரிலேயே நெட்வொர்க் கட்டிப் பார்க்கும் பாக்கெட் ட்ரேசரில் உட்கார்வது வெட்டி வேலை" என்கிறான். அவன் சொல்வது சரிதானே? நெட்வொர்க் வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

9 ஜூன் 2024, இரவு

உங்கள் நண்பர் பாஸ் பண்ணியதை நம்புகிறேன் தம்பி. அதற்குப் பிறகு வேலை கிடைத்ததா என்று கேட்டீர்களா?

ஓஎம்ஆரில் ஒரு நெட்வொர்க் ஆபரேஷன்ஸ் சென்டரில் (என்ஓசி) ஷிஃப்ட் பார்க்கிறேன். புது ஆள் எடுக்கும்போது டெக்னிக்கல் ரவுண்டில் என்னையும் உட்கார வைப்பார்கள். சான்றிதழோடு வருபவர்களுக்கு முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். போர்டில் 192.168.10.77/28 என்று எழுதி, இது எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது, பிராட்காஸ்ட் எது என்பேன். ஒரு பையன் கொஞ்ச நேரம் போர்டையே பார்த்துவிட்டு, "ஆப்ஷன்ஸ் இருக்கா மேடம்?" என்றான். பக்கத்தில் இருந்த மேனேஜர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முகவரியின் 32 பிட்டில் 28 நெட்வொர்க்குக்குப் போனால் மிச்சம் நாலு, ஆக /28 என்றால் பதினாறு பதினாறாகத் தாவும். 0, 16, 32, 48, 64, 80. 77 விழுவது 64க்கும் 80க்கும் நடுவில். ஆக நெட்வொர்க் 64, பிராட்காஸ்ட் 79, மெஷின்களுக்குக் கொடுக்கக் கூடியவை 65 முதல் 78 வரை. பழகிவிட்டால் பத்து விநாடிகூட ஆகாது. தேர்வு அறைக்குள் கால்குலேட்டர் கிடையாது என்பதையும் நண்பரிடம் சொல்லுங்கள். அவர் எழுதியவர்தானே, அவருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

10 ஜூன் 2024

டம்ப் பற்றி நேற்று முழுசாகச் சொல்லவில்லை. தேர்வு தொடங்கும் முன் திரையில் ஒரு ரகசியக் காப்பு ஒப்பந்தம் வரும். "ஏற்கிறேன்" என்று தட்டினால்தான் முதல் கேள்வியே திறக்கும். எல்லோரும் படிக்காமல் தட்டுவது அதுதான். கேள்விகளை வெளியே கொடுப்பதும், அப்படி வந்ததை வைத்து எழுதுவதும் விதிமீறல். பிடிபட்டால் சிஸ்கோ மதிப்பெண்ணை ரத்து செய்யலாம், சான்றிதழைப் பிடுங்கலாம், மேற்கொண்டு எழுதத் தடையும் போடலாம்.

கட்டணம் 300 டாலர், அதன் மேல் 18% ஜிஎஸ்டி. நம் கணக்கில் முப்பதாயிரத்தை ஒட்டி வரும். அவ்வளவு பணத்தைக் கட்டிவிட்டு, யாரோ பெயர் தெரியாத ஆள் "விடை: சி" என்று போட்டதை நம்பி உட்காருவதா? என் கண்ணில் பட்ட டம்ப் ஒன்றில், ரூட்டர்கள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப்பில் தலைமை ரூட்டரை (டிஆர்) எடுக்கும் தேர்தலில் ரூட்டர் ஐடியை முதலிலும் பிரயாரிட்டியை அடுத்தும் பார்ப்பதாக இருந்தது. நேர் தலைகீழ். பிரயாரிட்டி சமமானால்தான் ரூட்டர் ஐடியைப் பார்க்கும். அதைவிட முக்கியம், டிஆர் ஒருமுறை அமர்ந்துவிட்டால், பிறகு எவ்வளவு பெரிய பிரயாரிட்டியோடு ஒரு ரூட்டர் வந்தாலும் நாற்காலியை விடாது. நம்ம ஊர் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

12 ஜூன் 2024

சப்நெட்டிங் பழக நேரம் எங்கே என்று இங்கே எழுதும் அம்பத்தூர்க்காரர் கேட்கிறார். ஓஎம்ஆரில் போகிறவருக்கா நேரம் இல்லை? மெட்ரோவுக்குத் தடுப்பு வைத்த நாளிலிருந்து சோழிங்கநல்லூர் சிக்னலில் நிற்கிற நேரத்துக்கு ஒரு டிகிரியே வாங்கலாம்.

நான் செய்தது இது. கேபில் முன் சீட்டில் உட்கார்ந்து, எதிரே நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்ப்பேன். கடைசி இரண்டு இலக்கம்தான் முகவரியின் கடைசி எண். முதல் இலக்கம் ஒற்றைப்படை என்றால் /27, இரட்டைப்படை என்றால் /29. ஸ்கூட்டி 3145. /27க்கு முப்பத்திரண்டு முப்பத்திரண்டாகத் தாவினால் 45 இருப்பது 32இல், பிராட்காஸ்ட் 63. அடுத்து தண்ணீர் லாரி 4377. /29க்கு எட்டு எட்டாகத் தாவினால் நெட்வொர்க் 72, பிராட்காஸ்ட் 79. சிக்னல் விழுவதற்குள் நாலைந்து வண்டி ஆகிவிடும்.

டிரைவர் அண்ணன் பல நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வண்டி நம்பரையே முணுமுணுக்கிறீங்களே மேடம், லோன் ரெக்கவரியில இருக்கீங்களா?" என்று கேட்டேவிட்டார்.

12 ஜூன் 2024, பின்னேரம்

கேட்கவேண்டிய கேள்வியை ஒருவர் கேட்டிருக்கிறார்: இரண்டு இலக்கம் என்றால் 99ஐத் தாண்டவே தாண்டாதே, 128க்கு மேல் எப்படிப் பழகுவது? கடைசி மூன்று இலக்கம் 255க்குள் இருந்தால் மூன்றையும் எடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு. போதுமா?

16 ஜூன் 2024

"ஸ்டாட்டிக் ரூட்டின் ஏடி 1, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110. எனவே ஸ்டாட்டிக்தான் எப்போதும் ஜெயிக்கும்" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். (ஸ்டாட்டிக் என்பது நாமே கையால் எழுதும் வழி. ஏடி என்பது வழியின் நம்பகத்தன்மை எண், குறைந்தது முந்தும்.) இதைத் திருத்தாமல் விட முடியாது. தேர்வில் இந்த இடத்தில் கண்டிப்பாக இடறுவார்கள்.

ரூட்டிங் டேபிளில் இரண்டு வரி இருப்பதாக வையுங்கள். ஸ்டாட்டிக்காக 10.1.0.0/16. ஓஎஸ்பிஎஃப் வழியாக 10.1.1.128/25. பாக்கெட் போகவேண்டிய இடம் 10.1.1.130. எந்த வழியில் போகும்? ஓஎஸ்பிஎஃப் வழியில். ஏடி ஒப்பிடுவதெல்லாம் ஒரே நெட்வொர்க், ஒரே மாஸ்க் இரண்டு இடத்திலிருந்து வந்தால், எதை டேபிளில் ஏற்றுவது என்று முடிவெடுக்கத்தான். இங்கே இரண்டும் வேறு வேறு என்பதால் இரண்டுமே ஏறிவிட்டன. ஏறிய பிறகு பாக்கெட்டுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எந்த வரி அதிக பிட்டுகள் பொருந்துகிறது. 25 பிட் பொருந்துவதை விட்டுவிட்டு 16க்கு ஏன் போகும்?

இதே இடத்தில் இன்னொன்று. "ஷோ ஐபி ரூட்" போட்டால் [110/65] என்று சதுர அடைப்பில் வரும். முன்னது ஏடி, பின்னது காஸ்ட், அதாவது அந்த வழியின் செலவு. அந்த 65ஐப் பார்த்ததும் வழியில் ஒரு பழைய சீரியல் லிங்க் இருக்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். சீரியலுக்கு 64, அந்தப் பக்கத்து ஃபாஸ்ட் ஈதர்நெட்டுக்கு 1. ஓஎஸ்பிஎஃப் 100 எம்பிபிஎஸ்ஸை லிங்க்கின் வேகத்தால் வகுத்துத்தான் காஸ்ட் போடுகிறது. 1.544 எம்பிபிஎஸ்ஸால் வகுத்துப் பாருங்கள், 64 வரும். ஃபாஸ்ட் ஈதர்நெட்டுக்கும் 1, கிகாபிட்டுக்கும் 1, பத்து கிகாபிட்டுக்கும் 1. ரெஃபரன்ஸ் பேண்ட்வித் என்கிற அந்த 100ஐ மாற்றாமல் விட்டால் அதற்கு மூன்றும் ஒரே ரகம். இந்த ஒரு வரி அவுட்புட்டிலிருந்து எத்தனை கேள்வி கேட்கலாம் என்று யோசியுங்கள். கேட்கிறார்கள்.

23 ஜூன் 2024

/31இல் ஹோஸ்ட் பூஜ்யம் என்று கறாராக நிற்பவருக்கு: ஹோஸ்ட் எண்ணிக்கைக்கான சூத்திரப்படி சரி. ஆனால் இரண்டே ரூட்டர் எதிரெதிரே நிற்கும் லிங்க்கில் பிராட்காஸ்ட் முகவரிக்கு வேலையே இல்லை. அதனால் 2000ஆம் ஆண்டிலேயே ஆர்எஃப்சி 3021 அனுமதித்துவிட்டது. இரண்டு முகவரியும் இரண்டு முனைக்கு.

172இல் தொடங்கினால் எல்லாம் வீடு, ஆபீஸுக்குள் மட்டும் செல்லும் பிரைவேட் முகவரி என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். 172.16 முதல் 172.31 வரைதான். 172.32 வெளியுலகம்.

7 ஜூலை 2024

கேள்வி கேட்ட தம்பி பாக்கெட் ட்ரேசரில் லேப் போட ஆரம்பித்துவிட்டார். மூன்று ரூட்டர், இரண்டு ஸ்விட்ச், நாலு பிசி. எல்லாம் பிங் ஆகிறது, படமும் போட்டிருக்கிறார். "அடுத்து எந்த லேப் அக்கா?" என்று கேட்கிறார்.

அடுத்த லேப் வேண்டாம். இதையே கெடுங்கள்.

பாக்கெட் ட்ரேசரை வைத்து எல்லோரும் செய்வது, வீடியோவில் அவர் தட்டுவதைப் பார்த்துத் தாமும் தட்டி, பச்சை முக்கோணம் வந்ததும் சந்தோஷமாக மூடிவிடுவது. அதில் விரல் பழகும், கண் பழகாது. தேர்வில் வருவதும் எங்கள் புகார் டிக்கெட்டில் வருவதும் ஒரே மாதிரி: எதுவோ வேலை செய்யவில்லை, நாலு "ஷோ" அவுட்புட் இருக்கிறது, எங்கே கோளாறு? அதனால் ஃபைலை ஒரு காப்பி எடுத்துவிட்டு, வீட்டில் தம்பி தங்கை யாராவது இருந்தால் அவர்களிடம் கொடுங்கள். "ஏதாவது ஒரு எண்ணை மாற்று, எதை மாற்றினாய் என்று சொல்லாதே." என் தங்கை பி.காம். ஐபி அட்ரஸ் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. அவளளவுக்குக் கொடூரமாக யாரும் கெடுத்ததில்லை.

ஒரு பக்கம் ஓஎஸ்பிஎஃப்பின் ஹலோ டைமரை 10இலிருந்து 15 ஆக்கிவிடுவாள். பிங் போகும், ஆனால் "ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்" காலியாக இருக்கும். பிங் போகிறது என்றால் கேபிள், முகவரி எல்லாம் சரி. ஆக ஓஎஸ்பிஎஃப் பேச்சில்தான் ஏதோ ஒத்துப்போகவில்லை. ஏரியாவா, டைமரா, மாஸ்க்கா, பேசிவ் இன்டர்ஃபேஸா? "ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் இன்டர்ஃபேஸ்" எடுத்து இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்தால் தெரிந்துவிடும். இப்படி ஒருமுறை தேடிக் கண்டுபிடித்துவிட்டால் 10க்கு 40 என்ற கணக்கு (10 விநாடிக்கு ஒரு ஹலோ, 40 விநாடி கேட்காவிட்டால் நெய்பர் போய்விட்டதாக அர்த்தம்) அப்புறம் மறக்கவே மறக்காது.

எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்ற பட்டியலான ஏசிஎல் இன்னும் வேடிக்கை. உள்ளே வருகிற பக்கம் டிசிபி மட்டும் அனுமதித்து ஒரு எக்ஸ்டெண்டட் ஏசிஎல் போடுங்கள். ஓஎஸ்பிஎஃப் நெய்பருக்கு உடனே எதுவும் ஆகாது. "பார்த்தாயா, நன்றாகத்தான் இருக்கிறது" என்று எழுந்து போவீர்கள். நாற்பது விநாடிக்குள் நெய்பர் விழும். ஏசிஎல்லின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு "எல்லாவற்றையும் தடு" உட்கார்ந்திருக்கிறது. ஓஎஸ்பிஎஃப் டிசிபியும் இல்லை, யுடிபியும் இல்லை, ஐபியின் மேல் நேராக 89ஆம் எண் புரோட்டோகால். ஹலோ எல்லாம் வாசலிலேயே நின்றுவிட்டது.

ஒரே ஸ்விட்ச்சுக்குள் பிரித்த தனித்தனி நெட்வொர்க்குகள்தான் விலேன், பல விலேனைச் சேர்த்துச் சுமக்கும் லிங்க்தான் ட்ரங்க். ட்ரங்க்கின் இரு முனையிலும் நேட்டிவ் (டேக் இல்லாத) விலேனை வேறு வேறாக வைத்தால், கன்சோலில் நிமிடத்துக்கு ஒருமுறை, பக்கத்துப் பெட்டி யார் என்று பார்க்கும் சிடிபி புலம்ப ஆரம்பிக்கும். அந்தப் புலம்பலை ஒருமுறையாவது சொந்த கன்சோலில் பாருங்கள்.

8 ஜூலை 2024

கெடுப்பது பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் போகக் கூடாது. ட்ரங்க்கில் 10, 20 விலேன் போய்க்கொண்டிருக்கிறது. புதிதாக 30 சேர்க்க வேண்டும். "ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவுட் விலேன் 30" என்று தட்டினால் என்ன ஆகும்? 30 சேராது. 30 மட்டும் இருக்கும். 10, 20 போயே போச்சு. நடுவில் "ஆட்" என்று போட்டிருக்க வேண்டும்.

நான் முன்பு இருந்த இடத்தில் ஒரு சீனியர் இதை ராத்திரி இரண்டு மணிக்கு, வேறு ஊர்க் கிளையின் ஸ்விட்ச்சில் ரிமோட்டாகத் தட்டினார். மேனேஜ்மென்ட் விலேனும் அந்த ட்ரங்க்கில்தான் போய்க்கொண்டிருந்தது. அவருடைய செஷனே அப்படியே உறைந்து நின்றது. அந்த ஊர் வாட்ச்மேனை எழுப்பி, போனிலேயே ஸ்விட்ச்சை ஆஃப் செய்து ஆன் பண்ணச் சொல்ல வேண்டியதாயிற்று. நல்லவேளை, சேமிக்கும் "ரைட்" கமாண்டைக் கொடுக்காமல் இருந்தார். பழைய கான்ஃபிக் திரும்பி வந்துவிட்டது. அதன் பிறகு அங்கே எந்த மாற்றத்துக்கும் முன்னால் "ரீலோட் இன் 10" போட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். பத்து நிமிடத்துக்குள் ரத்து செய்யாவிட்டால் ஸ்விட்ச் தானாக ரீபூட் ஆகிப் பழைய நிலைக்கு வந்துவிடும், வாட்ச்மேனும் நிம்மதியாகத் தூங்கலாம். அவர் சான்றிதழ் வாங்கிப் பல வருடம் ஆனவர் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

21 ஜூலை 2024

இன்ஸ்டிட்யூட் வேண்டாம் என்று வேறொரு இடத்தில் எழுதியிருந்தேன். அதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். வேளச்சேரி, தி.நகர் பக்கம் போனால் மாடிக்கு மாடி போர்டு தொங்குகிறது. "100% பிளேஸ்மென்ட்" என்று போர்டில் எழுதியிருப்பவரை விட்டுவிடுங்கள். ஆனால் உண்மையான ரூட்டர், ஸ்விட்ச் அடுக்கிய ராக் வைத்து, கை வைக்க விடுகிற இடம் என்றால், வீட்டில் தனியாக உட்கார முடியாதவர்களுக்கு அது உதவும். சேரும் முன் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: ராக்கில் நானே கேபிள் மாற்றலாமா? தயங்கினால் படி இறங்கிவிடுங்கள்.

வீட்டில் இடமே இல்லை என்றவருக்கு: கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது. டிஎன்பிஎஸ்சிக்காரர்கள் காலையிலேயே இடம் பிடித்துவிடுவார்கள். முந்திக்கொள்ளுங்கள்.

20 ஆகஸ்ட் 2024

சிசிஎன்ஏ தேர்வு இன்றிலிருந்து 1.1 பதிப்பு. தேர்வு எண் அதே 200-301தான். "சிலபஸ் மாறிவிட்டது, இதுவரை படித்ததெல்லாம் வீண்" என்று அலறும் வீடியோக்களைப் பார்க்காதீர்கள். 2020 பிப்ரவரியில் நடந்ததுதான் பெரிய மாற்றம், அப்போதுதான் இரண்டு தாளாக எழுதுகிற வழியே போயிற்று. இப்போது நடந்திருப்பது ஒட்டு வேலை. ஆட்டோமேஷன் கருவிகளில் பப்பெட்டும் ஷெஃப்பும் வெளியே, டெராஃபார்ம் உள்ளே, ஆன்சிபிள் அப்படியே. ஸ்விட்ச்சுகளுக்குள் டிராஃபிக் சுற்றிச் சுற்றி வராமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயில் ரூட் கார்டு, லூப் கார்டு, பிபிடியு கார்டு சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு பற்றியும் ஒரு வரி. அது இல்லாமல் இந்தக் காலத்தில் எந்தப் பாடத்திட்டம் வருகிறது?

ஐபி கனெக்டிவிட்டி 25%. அடிப்படை 20, ஸ்விட்ச்சிங் வயர்லெஸ் பக்கம் 20, பாதுகாப்பு 15, ஐபி சர்வீசஸ் 10, ஆட்டோமேஷன் 10. ஆட்டோமேஷனைப் பார்த்துப் பயந்து பைத்தான் வகுப்பில் சேர்ந்த ஒருவரைத் தெரியும். ஜேசான் என்ற தரவு வடிவத்தைப் பார்த்து எது ஆப்ஜெக்ட், எது அர்ரே என்று சொல்லத் தெரிந்தால் அந்தப் பக்கத்தில் பாதி முடிந்தது.

1 செப்டம்பர் 2024

ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் ஸ்விட்ச் வாங்கலாமா?

தேர்வுக்குத் தேவையில்லை. பாக்கெட் ட்ரேசர் இலவசம், போதும். ஆனால் ஆசை விடாது, எனக்கும் விடவில்லை. மவுன்ட் ரோடில் இறங்கி, சார்ஜரும் எல்இடி பட்டையும் கொட்டிக் கிடக்கும் முன் கடைகளைத் தாண்டி உள்ளே போனால், பழைய சர்வர், ஸ்விட்ச் அடுக்கி வைத்திருக்கும் கடைகள் வரும். ஒரு சிஸ்கோ 2960 ஸ்விட்ச் வாங்கினேன். கடைக்காரர் பிளக்கில் சொருகிக் காட்டியபோது விளக்கு எரிந்தது. ஃபேன் சத்தத்தைக் கடையின் இரைச்சலில் கவனிக்க முடியாது, வீட்டில் ராத்திரி பதினொரு மணிக்கு அம்மா கவனித்தார்.

லேப்டாப்பில் இப்போது சீரியல் போர்ட் இல்லை, அதனால் நீலக் கன்சோல் கேபிளோடு யுஎஸ்பி கன்வெர்ட்டரும் சேர்த்து வாங்குங்கள். வேகம் 9600. உள்ளே பழைய பாஸ்வேர்டு இருந்தது. மோட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே பவர் கொடுத்து, ஃபிளாஷ் இனிட், அப்புறம் கான்ஃபிக்.டெக்ஸ்ட்டின் பெயரை மாற்றி, பூட். திறந்துவிட்டது.

எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களுடைய விலேன் பெயரெல்லாம் அப்படியே இருந்தது: சிசிடிவி, ஹெச்ஆர், எம்டி கேபின். எம்டிக்குத் தனி விலேன்! ஸ்டார்ட்டப் கான்ஃபிக்கை அழிக்கும் ரைட் இரேஸ் போட்டு ரீலோட் செய்தேன், எம்டி போகவில்லை. விலேன் விவரம் ஸ்டார்ட்டப் கான்ஃபிக்கில் இல்லாமல் ஃபிளாஷில் விலேன்.டாட் என்ற தனி ஃபைலில் இருப்பதுதான் காரணம். அதைத் தனியாக அழித்தால்தான் எம்டி கேபினைக் காலி செய்வார்.

2 செப்டம்பர் 2024

பழைய ஸ்விட்ச்சை ஆபீஸ் நெட்வொர்க்கில் சொருகிப் பார்க்கலாமா என்று கேட்கும் புண்ணியவானே, வேண்டாம். ஸ்பானிங் ட்ரீயில் தலைமை ஸ்விட்ச்சான ரூட் பிரிட்ஜ் யார் என்பதை முடிவு செய்வது குறைந்த பிரிட்ஜ் ஐடி. எல்லா ஸ்விட்ச்சும் 32768லேயே இருந்தால் குறைந்த மேக் அட்ரஸ் உள்ளது ஜெயிக்கும், பெரும்பாலும் அது வயசான ஸ்விட்ச். மொத்த மாடியின் டிராஃபிக்கும் உங்கள் டேபிளுக்கு அடியில் இருக்கும் கிழட்டுப் பெட்டி வழியாகச் சுற்றும். 1985இல் ரேடியா பெர்ல்மன் இந்த ஸ்பானிங் ட்ரீயை வடிவமைத்தபோது யாரும் கைவைக்காமலேயே தானாக இயங்க வேண்டும் என்பதுதான் எண்ணம். அது தானாகத்தான் இயங்குகிறது, நாம்தான் பிரயாரிட்டியைச் சொல்லித் தொலைப்பதில்லை.

16 அக்டோபர் 2024

மழை. வேளச்சேரி பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தியிருக்கும் படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்று எங்கள் சித்தப்பாவுடையது. வொர்க் ஃப்ரம் ஹோம். படிப்பு ஓடவில்லை என்று தம்பி எழுதியிருக்கிறார், எனக்கும் ஓடவில்லை. பஜ்ஜி சாப்பிடுங்கள்.

10 நவம்பர் 2024

முகவரியை மாற்றி அனுப்பும் நாட் (NAT) புரியவே இல்லை, இன்சைடு லோக்கல், இன்சைடு குளோபல் என்று தலை சுற்றுகிறது என்பவர்கள் வீட்டு வைஃபையைப் பாருங்கள். லேப்டாப்பில் 192.168 என்று ஏதோ ஒன்று இருக்கும், அது இன்சைடு லோக்கல். ரூட்டரின் வான் (WAN), அதாவது வெளிப் பக்கத்தில் இருப்பது இன்சைடு குளோபல். இப்போது அந்த வான் முகவரியைக் கூர்ந்து பாருங்கள். 100.64இலிருந்து 100.127க்குள் இருந்தால், அதுவும் நிஜமான பொது முகவரி இல்லை. உங்கள் பிராட்பேண்ட்காரர் தெருவையே ஒரு நாட் (NAT) பெட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறார். 2012இல் அதற்கென்றே ஒதுக்கிய இடம் அது. வீட்டு சிசிடிவியை வெளியிலிருந்து பார்க்க போர்ட் ஃபார்வர்டிங் செய்தும் வேலை செய்யவில்லை என்று அம்பத்தூர்க்காரர் ஒருமுறை புலம்பினாரே, காரணம் பெரும்பாலும் இதுதான். உங்கள் ரூட்டரில் எந்தக் கதவைத் திறந்து என்ன பயன், தெருக்கோடியில் இருக்கிற கதவு அவர் கையில்.

ஐபிவி6 "எங்கேயும் இல்லாத பாடம்" என்று ஒருவர். பாக்கெட்டில் ஜியோ சிம் இருந்தால் செல்போனின் ஐபி முகவரியைத் திறந்து பாருங்கள். 2409 என்று ஆரம்பிக்கும் நீண்ட முகவரி இருக்கும். நீங்கள் அதில்தான் இந்தப் பக்கத்தையே படித்துக்கொண்டிருக்கலாம்.

28 நவம்பர் 2024

தம்பி சனிக்கிழமை 30ஆம் தேதிக்கு தேர்வு போட்டிருந்தார். வங்காள விரிகுடாவில் புயல் சின்னம் உருவாகியிருக்கிறது, இன்றே தேதியை மாற்றுங்கள் என்றேன், மாற்றிவிட்டார். நேரம் நெருங்கிவிட்டால் மாற்ற விடமாட்டார்கள், கட்டணம் போய்விடும்.

1 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயலில் நேற்று விமான நிலையத்தையே மூடினார்கள். மாற்றியது நல்லதாயிற்று.

9 டிசம்பர் 2024

தேர்வு நாள் பற்றிக் கேட்டதற்கு, நினைவில் இருக்கும் வரை:

இரண்டு அடையாள அட்டை வேண்டும், பதிவு செய்த பெயரும் அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். நம் ஆட்களுக்கு இனிஷியல்தான் வில்லன். ஆதாரில் முன்னால், பாஸ்போர்ட்டில் விரித்து, கல்லூரிச் சான்றிதழில் பின்னால். இதைப் பதிவு செய்யும்போதே சரி பாருங்கள். சென்டரில் வாட்ச், பர்ஸ், போன் எல்லாம் லாக்கருக்குப் போகும். பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டச் சொல்வார்கள். அழித்து எழுதும் அட்டையும் மார்க்கரும் கொடுப்பார்கள், உட்காருவதற்கு முன்பே மார்க்கர் எழுதுகிறதா என்று கிறுக்கிப் பாருங்கள். எனக்குக் கொடுத்தது முனை மழுங்கி, 6க்கும் 8க்கும் வித்தியாசம் தெரியாமல் எழுதியது. வேறு கேட்டால் தருவார்கள், கேட்கத்தான் கூச்சப்படுவோம்.

120 நிமிடம். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பி வர முடியாது. பள்ளிக்கூடத்தில் "தெரியாததை விட்டுவிட்டு, கடைசியில் வந்து பார்" என்று சொல்லிக் கொடுத்த பழக்கம் இங்கே உதவாது. எனவே தெரியாவிட்டாலும் ஒன்றைத் தட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். லேப் கேள்வி வந்தால் நேரம் அதில்தான் உருகும். கேள்வியில் சேமிக்கச் சொல்லியிருந்தால் சேமியுங்கள். கேள்விக்குறியும் டேப்பும் அங்கேயும் வேலை செய்யும் என்றே நம்பி உட்காராதீர்கள், கமாண்டை முழுசாகத் தெரிந்துகொண்டு போங்கள்.

தமிழ் மீடியம், ஆங்கிலம் பயமாக இருக்கிறது என்றவருக்கு: சிசிஎன்ஏவை ஜப்பானிய மொழியில் எழுதலாம், தமிழில் முடியாது. என்ன செய்ய! கேள்வி பத்தி பத்தியாக இருக்கும். கடைசி வரியை முதலில் படியுங்கள், என்ன கேட்கிறார்கள் என்பது அங்கேதான் இருக்கும். "இரண்டைத் தேர்ந்தெடு" என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் மேலே போய் அவுட்புட்டைப் படியுங்கள்.

பாஸ் மார்க் எவ்வளவு என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சிஸ்கோ வெளியிடுவதில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் எண்ணை நம்பி "இத்தனை எடுத்தால் போதும்" என்று கணக்குப் போடாதீர்கள். ஃபெயிலாகிவிட்டால் ஐந்து நாள் கழித்துத்தான் மறுபடி எழுத முடியும், முழுக் கட்டணம் மறுபடி.

15 டிசம்பர் 2024

பாஸ்! தம்பிக்கு வாழ்த்துகள். ஐபி கனெக்டிவிட்டியில் நல்ல சதவீதம், வயர்லெஸ்ஸில் அடி வாங்கியிருக்கிறார். அது எல்லோருக்கும் நடப்பதுதான். பாக்கெட் ட்ரேசரில் கன்ட்ரோலர் திரையை ஒருமுறை திறந்து, விலேனுக்கு எஸ்எஸ்ஐடி (வைஃபை பெயர்) கட்டிப் பார்க்கச் சொன்னேன், "வைஃபைதானே" என்று விட்டுவிட்டார். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 சேனல் மட்டும் ஏன் என்று இப்போதாவது படித்துவிடுங்கள், இன்டர்வியூவில் கேட்பேன்.

அவருடைய நண்பர் கதையையும் எழுதியிருக்கிறார். டம்ப் பாஸ் ஆன அதே நண்பர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். இரண்டு இடத்தில் டெக்னிக்கல் ரவுண்டோடு நின்றதாம். இதை வைத்து அவரை ஓட்டாதீர்கள். பாக்கெட் ட்ரேசர் ஃபைலைக் கொடுத்துக் கெடுக்கச் சொல்லுங்கள்.

5 ஜனவரி 2025

மிச்சம் இருந்த இரண்டு கேள்விகள். காம்ப்டியா நடத்தும் நெட்வொர்க் பிளஸ்ஸா, சிசிஎன்ஏவா? நெட்வொர்க் பிளஸ் எந்தக் கம்பெனிப் பெட்டியையும் சாராதது. 90 நிமிடம், 90 கேள்வி வரை, 900க்கு 720 எடுக்க வேண்டும் என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். டெஸ்க்டாப் சப்போர்ட்டில் இருப்பவருக்கு நல்ல தொடக்கம். ஆனால் நம்ம ஊரில் என்ஓசி வேலைக்கு வரும் அறிவிப்புகளில் நான் பார்ப்பது பெரும்பாலும் சிசிஎன்ஏதான், கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றுதான் என்றால் அதை எழுதுங்கள்.

மூன்று வருடத்தில் காலாவதி ஆகுமே, மறுபடி முதலிலிருந்தா? வேண்டாம். 30 சிஇ (தொடர் கல்வி) கிரெடிட் சேர்த்தால் புதுப்பித்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் அடுத்த படியான சிசிஎன்பியின் என்கோர் 350-401 எழுதுங்கள், சிசிஎன்ஏவும் சேர்ந்தே புதுசாகிவிடும். என்கோரில், இணையம் முழுக்க வழி சொல்லும் பிஜிபி வரும். அதற்கு 2960 உதவாது, அது பிஜிபி பேசாது. அந்த ஃபேன் சத்தப் பெட்டியை யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா? மடிப்பாக்கத்தில் வந்து தூக்கிக்கொண்டு போகலாம், அம்மா டிபன் வேறு கொடுப்பார்.